கொண்டை மடங்கிய திடல்

அந்தக் காலத்தில், பறவையும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கருங்கால் ஏரியில் பறவைகளுக்கென்று ஒரு படை இருந்தது. அந்தப் படைக்குத் தலைவன் சென்னியன் என்கிற கொண்டலாத்தி.

இன்றைக்கு நாம் பார்க்கிற கொண்டலாத்தி போல அவன் இருக்கவில்லை. அப்போது கொண்டலாத்திகளின் கொண்டை மடங்காது. நுனியில் மை தொட்டு வைத்த செம்மஞ்சள் விசிறி போல உச்சந்தலையில் விரிந்தே நிற்கும். இரை தேடும்போதும் விரிந்திருக்கும், தூங்கும்போதும் விரிந்திருக்கும். அதை மடக்கலாம் என்று அந்த இனத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

படை உண்டானதற்குக் காரணம் வல்லூறுகள். ஏரிக்கு மேற்கே மொட்டைப்பாறை என்று ஒரு குன்று. ஒரு கோடையில் அங்கே வல்லூறுகள் வந்து குடியேறின. அதுவரை ஏரியில் யாருக்கும் யாரோடும் பெரிய ஒட்டுறவு கிடையாது. நாரை அது பாட்டுக்கு நிற்கும், வாத்து அது பாட்டுக்கு மேயும். வல்லூறு வந்து ஒன்றைத் தூக்கிப் போனால் மற்றவை கொஞ்ச நேரம் கலைந்து பறந்துவிட்டு, பழைய இடத்திலேயே வந்து உட்காரும். போனது யாருடைய பிள்ளை என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

அதை மாற்றியவன் சென்னியன். மரம் மரமாகப் போய்ப் பேசினான். கரிச்சான் குருவிகளைக் காவலுக்கு வைத்தான். காரி என்ற கரிச்சானைத் துணைத்தலைவனாக்கிக்கொண்டான். பேசினால் எதிரில் இருப்பவர் மூச்சு விடாமல் கேட்கும்படி பேசுகிறவன் சென்னியன். காரி அதிகம் பேசமாட்டான், வேலையைச் செய்வான்.

ஒரு நாள் புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்தபோது வல்லூறுகள் கூட்டமாக இறங்கின. யார் எங்கே என்று தெரியாமல் பறவைகள் சிதறி ஓடின. அப்போது சென்னியன் பட்டுப்போன ஒரு பனையின் உச்சியில் ஏறி நின்று குரல் கொடுத்தான். அந்தப் புழுதிக்குள்ளும் அவன் கொண்டை ஒரு தீவட்டி போலத் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே பறவைகள் ஒன்று கூடின. கூடியதும் தைரியம் வந்தது. அன்று வல்லூறுகள் இரை ஒன்றும் சிக்காமல் வெறுங்காலோடு பாறைக்குத் திரும்பின.

அடுத்த நாள் சென்னியன் கரையில் வந்து இறங்கியபோது, ஒரு கிழ நாரை தன் வலது இறக்கையை உயர்த்தித் தலை தாழ்த்தியது. பக்கத்தில் நின்ற வாத்துகளும் அப்படியே செய்தன. யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவர்களுக்கு அப்படித் தோன்றியது, செய்தார்கள்.

"அதெல்லாம் எதுக்குங்க" என்று சென்னியன் கூச்சப்பட்டான். உண்மையாகவே கூச்சப்பட்டான்.

ஆனால் நல்ல பழக்கம் என்று, பறவைகள் கூடும் ஏரிச்சபை அதைச் சட்டமாக்கிவிட்டது. தலைவரின் கொண்டை கண்ணில் பட்டால் இருக்கிற வேலையை நிறுத்தி, வலது இறக்கையைத் தூக்கி வணக்கம் வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் சென்னியனுக்குக் கூச்சம் போனது. அதற்குப் பின் அது பிடிக்கத் தொடங்கியது. பிறகு, வணக்கம் வைத்தவர்கள் அவன் கண்ணில் படாமல் போனார்கள். வைக்காதவர்கள் மட்டும் பட்டார்கள். மீன் கொத்திக்கொண்டிருந்த நீர்க்காகம் ஒன்று கவனிக்காமல் இருந்துவிட்டால், அன்று முழுக்க அது அவன் மனதில் முள்ளாக உறுத்தும். கண்டித்துவிட்டு வந்தால்தான் இரை இறங்கும்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியது. தண்ணீர் ஓரங்களுக்கு ஒதுங்கியதும் நடுவில் கூழாங்கல்லும் வறண்ட மண்ணுமாக ஒரு திடல் தலைகாட்டியது. மரத்தில் கூடு கட்டத் தெரியாத தரைப் பறவைகள், ஆட்காட்டிகளும் வானம்பாடிகளும் கவுதாரிகளும், அங்கேதான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணைக் கொஞ்சம் பறித்துக் குழியாக்கி, நாலு கல்லை ஒதுக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முட்டையைப் பார்த்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் பறவையின் முதுகைப் பார்த்தால் மண் மாதிரி இருக்கும். அசையாமல் இருக்கிற வரைக்கும் மேலேயிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அசையாமைதான் அவர்களுக்கு வீடு, கதவு, பூட்டு எல்லாம்.

திடலைப் பார்வையிட சென்னியன் ஒரு நண்பகலில் கிளம்பினான்.

"வெயில் தாழப் போகலாமே தலைவரே" என்றான் காரி.

"வெயிலுக்குப் பயந்தா படை நடத்த முடியுமா?" என்றான் சென்னியன்.

போய் இறங்கினார்கள். திடல் முழுவதும் பறவைகள் உட்கார்ந்திருந்தன. அவன் கொண்டையை எல்லோரும் பார்த்தார்கள். கண்கள் அவன் பக்கம் திரும்பியது அவனுக்கே தெரிந்தது. ஆனால் ஒரு இறக்கைகூட உயரவில்லை.

சென்னியன் கொஞ்சம் நடந்தான். தொண்டையைச் செருமினான். ஒன்றும் நடக்கவில்லை. காரி பக்கத்தில் நிற்பது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்திலேயே ஒரு ஆட்காட்டி குழியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் ஆவுடை. அவள் வீட்டுக்காரன் நெஞ்சுச் சிறகை நனைத்துக்கொண்டு வரத் தண்ணீருக்குப் போயிருந்தான். அந்த ஈரத்தை வைத்துத்தான் உச்சி வெயிலில் முட்டையைக் காப்பாற்றுவார்கள். அவன் வரும்வரை ஆவுடை நிழலாக இருக்க வேண்டும்.

"ஏம்மா, என்னைத் தெரியலையா?" என்றான் சென்னியன்.

"தெரியுதுங்க" என்றாள் அவள், அலகு அசைவது தெரியாமல். "கொஞ்சம் அந்தக் கொண்டையை மடக்கிக்குங்க தலைவரே. மேல நிழல் சுத்துது."

சென்னியன் அண்ணாந்து பார்த்தான். வெகு உயரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவன் பார்த்தது உண்மை. வல்லூறு என்று தெரிந்ததும் உண்மை. அந்த உயரத்திலிருந்து இங்கே என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். அதைவிட, மடக்கு என்று அவள் சொன்ன சொல் அவனுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"எங்க கொண்டை மடங்காது. அது போகட்டும், வணக்கம் ஏன் வைக்கல?"

"இங்க அந்த வழக்கம் இல்லீங்க. இறக்கையைத் தூக்கினா அடியில இருக்கிற வெள்ளை தெரியும். உங்க மேல மரியாதை இல்லாம இல்ல. முட்டை பொரிஞ்சதும் நானே கரைக்கு வந்து வைக்கிறேன்."

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. காரி மெதுவாக, "வாங்க தலைவரே, போயிடலாம்" என்றான். அந்த நேரத்தில் சென்னியன் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் காரியின் குரலில் இருந்த அவசரம்தான் அவனை நிறுத்தியது. இப்போது திரும்பினால், ஒரு பெண் பேச்சுக்குத் தலைவர் திரும்பிவிட்டார் என்று நாளைக்கு ஏரி முழுக்கப் பேசும் என்று பட்டது.

"சரி" என்றான். திடல் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான். "படைக்கு மரியாதை இல்லாத இடத்துக்குப் படைக் காவலும் கிடையாது. நாளையிலிருந்து இந்தப் பக்கம் ஒரு கரிச்சான்கூட வராது. உங்க வழக்கமே உங்களைக் காப்பாத்தட்டும்."

ஆவுடை அவனைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இவர் சொல்வது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிற பார்வை அது. பிறகு அவள் கண்கள் திடலைச் சுற்றி வந்தன. காவல் போனால் அவள் முட்டைகள் மட்டுமா போகும்?

அவள் எழுந்து நின்றாள். வலது இறக்கையை உயர்த்தினாள். வெயிலில் அந்த வெள்ளை பளிச்சென்று மின்னியது.

அவள் செய்ததைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள். வெறும் மண்ணாகக் கிடந்த திடலில் எங்கு பார்த்தாலும் இறக்கைகள் உயர்ந்தன. சென்னியனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படி நிறைந்ததைத்தான் அவனால் பிற்பாடு மன்னிக்கவே முடியவில்லை.

காற்றைக் கிழிக்கும் ஓசை கேட்டது. அவன் அண்ணாந்து பார்ப்பதற்குள் முதல் வல்லூறு தரையைத் தொட்டுவிட்டது.

அதன் பின் நடந்ததை விவரிப்பானேன். சென்னியன் சண்டை போடாமல் இல்லை. உயிரை விடத் தயாராகவே போட்டான், இறக்கையில் காயமும் பட்டது. காரி ஒரு வல்லூறின் முதுகில் தொற்றிக்கொண்டு கொத்தினான். ஆவுடையின் வீட்டுக்காரன் நனைந்த நெஞ்சோடு திரும்பி வந்தவன், கத்திக்கொண்டே நேராகப் பாய்ந்தான். அவனை ஒரு வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. வல்லூறுகள் ஒரு வழியாக விலகியபோது, எஞ்சியவர்கள் திசைக்கொருவராய்ப் பறந்து போயிருந்தார்கள். நிழல் இல்லாத முட்டைகள் உச்சி வெயிலில் கிடந்தன. எல்லோரும் திரும்பி வருவதற்குள் அவை வெந்துவிட்டன. மிதிபட்டவை போக மிச்சம் இருந்தவைதான் அவை.

ஏரிச்சபை கூடியது. வல்லூறுகள் தாமாகவே வந்து தாக்கியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். திடலில் தப்பியவர்கள் துக்கத்தில் இருந்தார்கள், யாரும் சபைக்கு வரவில்லை. கிழ நாரை எழுந்து, "நல்லவேளை தலைவர் அங்கே இருந்தார். இல்லாவிட்டால் ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்" என்றது. எல்லோரும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். அத்தனை இறக்கைகளும் உயர்ந்தபோது சென்னியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறந்தான். சொல்ல வந்த சொல் வரவில்லை. காயத்தினால் பேச முடியவில்லை என்று அதற்கும் ஒரு காரணத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் கரையில் நடப்பதைக் குறைத்துக்கொண்டான். எங்கே போனாலும் கொண்டை அவனுக்கு முன்னால் போய் நின்றது. சின்னக் குஞ்சுகள்கூட, சரியாகத் தூக்கத் தெரியாத இறக்கையைத் தூக்கி அவனுக்கு வணக்கம் வைத்தன. புதருக்குள் ஒளிந்து நடந்து பார்த்தான். கொண்டை புதருக்கு மேலே தெரிந்தது.

"நீ ஏன் சபையில சொல்லல?" என்று ஒரு நாள் காரியிடம் கேட்டான்.

காரி தலையைக் குனிந்துகொண்டான். "என்னன்னு சொல்றது. நானும் அங்கதான நின்னேன். உங்களைப் போயிடலாம்னு கூப்பிட்டேனே ஒழிய, அந்தம்மாகிட்ட, தூக்காதீங்க, காவலுக்கு நான் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. எந்த முகத்தோட உங்களைச் சொல்றது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் சென்னியன் தனியாகத் திடலுக்குப் போனான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். சண்டையில் எத்தனை பேரைக் காப்பாற்றினான் என்று தொடங்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததற்கே அவனுக்குக் கூசியது.

ஆவுடை அங்கேயே இருந்தாள். காலிக் குழியின் பக்கத்தில், கல்லோடு கல்லாக நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வலது இறக்கையை முழுவதுமாக உயர்த்தித் தலையைத் தாழ்த்தினாள். படையில் யாரும் அவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை.

"இப்ப வைக்கலாம் தலைவரே" என்றாள். "இங்க மறைக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல."

குரலில் குத்தல் இல்லை. அவள் அதைத் தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கண்ணை மூடினான். தலையைக் குனிந்தான், அலகு மண்ணில் முட்டும்வரை குனிந்தான். அது போதவில்லை. உடம்பு முழுவதும் உள்ளே உள்ளே சுருங்கியது. அப்போது உச்சந்தலையில் சுரீரென்று ஒரு வலி எடுத்தது. இதுவரை அசையாத ஒரு தசை அசைந்தது. விரிந்து நின்ற சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, பின்கழுத்தோடு படிந்து, ஒரு துரும்பு போல ஒட்டிக்கொண்டன.

கொண்டை மடங்கிவிட்டது.

சென்னியன் அப்படியே உறைந்து நின்றான். மடங்கும். இது மடங்கும். அவள் கேட்ட அன்றைக்கும் இது மடங்கியிருக்கும். மடங்காது என்று அவன் சொன்னானே, மடக்கிப் பார்த்துவிட்டா சொன்னான்?

அதுவரை அவன் பட்ட வெட்கம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. அவன் அழுதானோ என்னவோ, ஆவுடை பார்க்கவில்லை. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அளவுக்காவது அவனைத் தனியே விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

சபை மறுபடி கூடியபோது கொண்டையை மடக்கிக்கொண்டு வந்து நின்றவனை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வணக்கமும் வைக்கவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்தே நடந்ததைச் சொன்னான். மேலே நிழல் சுற்றியதை அவனும் பார்த்ததைச் சொன்னான். காவலை எடுத்துவிடுவேன் என்று மிரட்டியதைச் சொன்னான். இறக்கைகள் உயர்ந்தபோது நெஞ்சு நிறைந்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தான். அதையும் சொன்னான்.

தான் முதலில் தூக்கிய இறக்கையைக் கிழ நாரை உடம்போடு இடுக்கிக்கொண்டது. கடைசியில் ஒரு நீர்க்காகம், "தலைமையை எடுத்துட்டு ஏரியை விட்டு அனுப்பிடுவோம்" என்றது. பலரும் ஆமாம் என்றார்கள். சென்னியனுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அன்று ஆவுடை சபைக்கு வந்திருந்தாள். "அனுப்பாதீங்க" என்றாள். "போற இடத்துல இவரை யாருக்கும் தெரியாது. மறுபடியும் விரிச்சுக்கிட்டு நடப்பார். இங்கயே இருக்கட்டும். வல்லூறு இன்னும் பாறையிலதான் இருக்கு. படைக்கு ஆள் வேணும்."

"அப்படின்னா உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டது நாரை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். அடுத்த வருஷம் முட்டை வைக்கிறவங்களுக்கு ஒண்ணு வேணும். திடல்ல கால் வைக்கிறவங்க யாரா இருந்தாலும், தலைமேல என்ன இருந்தாலும், அதை மடக்கிட்டு வரணும். அங்க யாரும் யாருக்கும் இறக்கை தூக்கக் கூடாது. தலைவர் வந்தாலும் உட்கார்ந்தவங்க உட்கார்ந்தே இருக்கணும். அவ்வளவுதான்."

சபை அதைச் சட்டமாக்கியது. திடலின் நான்கு பக்கமும் வெள்ளைக் கல் வைத்து எல்லை போட்டார்கள்.

சென்னியன் தலைவனாகவே இருந்தான். மறு கோடையில் திடலைச் சுற்றி நடந்து காவல் காத்தது அவன்தான். ஆவுடை மறுபடி ஜோடி சேர்ந்தாள், முட்டை வைத்தாள். அவள் குழியைக் கடக்கும்போது அவன் நடை தானாக மெதுவாகும். அவள் அவனை நிமிர்ந்து பார்க்கமாட்டாள், எழமாட்டாள், ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். பேச வேண்டும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை.

பின்னொரு வருஷம் ஏரிக்கரையில் மனிதர்களின் படை ஒன்று வந்து பாளையம் இறங்கியது. எங்கேயோ நடந்த சண்டையில் அடிபட்டவர்களை ஒரு பெரிய கூடாரத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். அந்தப் படையின் தளவாய் தினமும் அவர்களைப் பார்க்கப் போவார். தலைப்பாகையில் குத்திய இறகு வாசலில் தெரிந்ததுமே, பாயில் கிடந்தவர்கள் வணக்கம் வைக்க எழப் பார்ப்பார்கள். வயிற்றில் வெட்டுப்பட்ட ஒருவனுக்கு அப்படி எழுந்து எழுந்தே தையல் பிரிந்து இரத்தம் கசிந்தது. எழ வேண்டாம் என்று தளவாய் சொன்னாலும் அவனுக்குக் கேட்கவில்லை. இறகைப் பார்த்ததும் உடம்பு எழுந்துவிடும்.

தளவாய் ஒரு மாலையில் கரையோரம் உட்கார்ந்து திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டை விரித்துப் பறந்து வந்த சென்னியன் வெள்ளைக் கல்லைத் தாண்டும்போது அதை மடக்கிக்கொள்வதையும், ஒருவரும் அவனுக்கு வணக்கம் வைக்காததையும் பார்த்தார். பக்கத்து மரத்தில் இருந்த காரியிடம் என்ன விஷயம் என்று கேட்டார். காரி சொன்னான். தன் பங்கையும் சேர்த்தே சொன்னான்.

தளவாய் கேட்டுவிட்டு எழுந்து போனார். கூடாரத்து வாசலில் நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வெறுந்தலையோடு வந்தவரை யாரோ ஒரு ஆள் என்று நினைத்து, வயிற்றில் அடிபட்டவன் படுத்தபடியே, "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" என்றான். தளவாய் மொண்டு கொடுத்தார்.

அன்று முதல்தான், படைகள் இருக்கிற இடத்திலெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு, யாரும் யாருக்கும் சல்யூட் அடிக்காமல் நடக்க வேண்டிய இடம் என்று ஒன்றை எல்லை போட்டு ஒதுக்கி வைக்கிறார்கள். அன்று முதல்தான், கொண்டலாத்தி தரையில் வந்து இறங்கியதும் பழைய ஞாபகத்தில் கொண்டையை ஒரு நொடி விரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்பது போலச் சட்டென்று மடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே நடக்கிறது.